நாலு விரற்கடை

கொச்சி
8.7.2024

அன்புள்ள அக்கா செல்வகுமாரிக்கு,

தம்பி அரிகரன் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உன் முட்டிவலி தேவலையா? மாமா நலமா?

கடலை ஒட்டிய பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் எங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது பேர். எட்டு மாதம் இங்கேயே இருந்து வேலை செய்ய வேண்டும், மார்ச் முதல் தேதி கண்காட்சி. என்னைத் தவிர எல்லோரும் சிற்பத்தைக் காலேஜில் படித்தவர்கள். எனக்குக் காது கேட்காது என்பதால் ஒரு பையன் தாளில் எழுதிக் கேட்டான், நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று. "சோரியாங்குப்பத்தில், டிராக்டருக்கு அடியில்" என்று எழுதிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நான் இங்கே எத்தனை செய்தாலும் கண்காட்சியின் நடுவில் நிற்கப்போவது மாமாவின் ரிப்பேர் ஷெட்டில் நான் விட்டுவந்த மெஷின்தான், பழைய இரும்பில் நம் அப்பாவைச் செய்தது. அதைப் பார்த்துத்தான் கண்காட்சியை நடத்தும் இளவரசி மேடம் என்னைத் தேர்ந்தெடுத்தார். டிசம்பர் கடைசியில் லாரி வரும். அதுவரை அது உன் பொறுப்பு. தார்ப்பாய் போட்டு மூடி வை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தடவை ஓடவிடு, இல்லாவிட்டால் வைப்பர் மோட்டார் பிடித்துக்கொள்ளும். இருபத்திரண்டு தடவை கை மேலே போய் இறங்கும், பிறகு தானே நின்றுவிடும். அவ்வளவுதான். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, முக்கியமாக மாமா.

போன் வாங்கித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியாக வைத்திருந்த போனைப் பிரித்து அதன் குட்டி மோட்டாரைத்தான் அப்பாவின் இமைக்கு வைத்திருக்கிறேன். அதனால் கடிதம் போடு.

அன்புத் தம்பி
அரிகரன்

*

சோரியாங்குப்பம்
21.7.2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதம் வந்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. அங்கே தேங்காயெண்ணெயில் சமைப்பார்களாமே, உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீ சொன்னபடி இரண்டு வெள்ளிக்கிழமையும் ஓடவிட்டேன். ஸ்பூன் அப்பாவின் கிண்ணத்திலிருந்து பேரிங் பால்ரஸ் குண்டுகளை அள்ளுகிறது, கை மெல்ல மேலே போகிறது, வாய்க்கு வைத்த மேஜை டிராயர் திறக்கிறது, வாய்க்கு நாலு விரற்கடை இருக்கும்போது கை நின்று நடுங்கிக் கீழே விழுகிறது. குண்டெல்லாம் மடியிலிருக்கும் சல்லடையில் கொட்டி மறுபடி கிண்ணத்துக்கே ஓடி வருகிறது. வயிற்றுக் கண்ணாடிக்குள் இருக்கும் முப்பது பொம்மைக் கண்ணும் அப்போது இமைக்கிறது. இருபத்திரண்டையும் எண்ணினேன். உனக்குக் கேட்காது, அந்தக் குண்டுகள் கொட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

உன் மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. டில்லர் ரிப்பேருக்கு வந்த மரியதாஸ் பார்த்துவிட்டு, "இன்னா சிங்காரவேலு, ஊரு மெஷினெல்லாம் ரிப்பேர் பாக்குற, உன் ஷெட்டுல இருக்கறதே ஓட மாட்டேங்குது" என்று கேட்டுவிட்டாராம். அன்று முழுவதும் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அது அப்படித்தான் ஓடணுமாம்" என்றேன். "வாய்க்கு எட்டாத கையை எவன்டி வேணும்னு செய்வான்?" என்று என்னிடம் பாய்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அக்கா செல்வி

*

கொச்சி
30.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள்.

உடனே ஒரு சந்தோஷச் செய்தி. கண்காட்சிக்கான புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது பேரில் எனக்கு மட்டும்தான் இரண்டு பக்கம்! இளவரசி மேடம் முழுநாள் உட்கார்ந்து என்னிடம் தாளில் எழுதிக் கேட்டு வாங்கினார். "அள்ளிய சோறு ஒருநாளும் வாய் சேராத ஒரு தந்தை, பதினான்கு மாதம் தன் கையால் அவருக்கு ஊட்டிய மகனின் கண்ணீர் இரும்பாகி நிற்கிறது" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு சமையல்கார அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாற்பத்து மூன்று வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படி ஒரு கதவு திறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை அக்கா. இது தவறினால் எனக்கு இன்னொன்று கிடையாது. மறுபடி உன் ஷெட்டில் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மெஷினைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்.

மாமாவிடமும் படித்துக் காட்டு.

அரிகரன்

*

சோரியாங்குப்பம்
25.9.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உடனே பதில் போட முடியவில்லை.

நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். அச்சு நன்றாக இருக்கிறது. போட்டோவில் கறுத்துத் தெரிகிறாய். பதினான்கு மாதம் என்று சரியாக நினைவு வைத்திருக்கிறாய்.

போன புதன்கிழமை அப்பாவுக்குத் திதி. மூன்று வருடம் ஆகிவிட்டது. நீ ஒரு வரி கேட்பாய் என்று இருந்தேன். உன் பேரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஐயரிடம் தர்ப்பணம் கொடுத்தார் உன் மாமா. பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது மருமகன் கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

உன் மாமாவிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை. கரும்பு லோடு டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன, அவருக்கு நேரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

செல்வி

*

சோரியாங்குப்பம்
14.10.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை நன்றாக நடந்தது. உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு ஷெட்டில் நிற்கிற எதுவும் பழுதோடு நிற்கக் கூடாது உன் மாமாவுக்கு. ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். வெல்டிங் மெஷின், டிரில், ஏர் கம்ப்ரசர், வாடிக்கைக்காரர் விட்டுப்போன இரண்டு பம்ப்செட், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். உன் மெஷினையும் விடவில்லை. தார்ப்பாயை எடுத்துத் துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்து, கையில் ஒரு சாமந்தி சுற்றினேன். காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பொரி கடலையில் ஒரு பிடி அதன் கிண்ணத்திலும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஓடவிடுகிறேன். இப்போது நன்றாக ஓடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

செல்வி

*

கொச்சி
2.11.2024

அக்கா,

நலம். தீபாவளிக்கு வரமுடியவில்லை, கோபப்படாதே. திதி மறந்துபோனதற்கும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே நாள் கிழமையே தெரிவதில்லை. ஆனாலும் அப்பாவைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன் என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய திதி என்ன?

பொட்டு வைத்தது சரி. ஈரத்துணி மட்டும் போடாதே, துரு பிடிக்கும். எண்ணெயும் வேண்டாம். பொரியை எடுத்துவிட்டாயா? எறும்பு வந்தால் வயரைக் கடிக்கும்.

லாரி டிசம்பர் 28இல் வரும். மாமாவை அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அரிகரன்

*

கொச்சி
9.12.2024

அக்கா,

புயல் செய்தி பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. தென்பெண்ணையில் வெள்ளம், பாகூர் பக்கமெல்லாம் தண்ணீர் என்று பேப்பரில் படம் போட்டிருக்கிறான். மேடத்தை விட்டு உன் நம்பருக்குப் போன் போடச் சொன்னேன், போகவில்லை.

மெஷின் நனைந்ததா? மோட்டார் வரைக்கும் தண்ணீர் ஏறியதா? மரத் தலைப்பகுதி ஊறியிருந்தால் வெயிலில் வைக்காதே, நிழலில் காய வை. தையல் மெஷின் ஊசிப் பகுதியில் சேறு போயிருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு. லாரி வரும் தேதியைத் தள்ளிப்போட முடியாது என்கிறார்கள்.

உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? உடனே பதில் போடு.

அரிகரன்

*

சோரியாங்குப்பம்
17.12.2024

அன்புத் தம்பிக்கு,

உன் மெஷின் நனையவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ மூச்சு விட வேண்டுமே.

அணையைத் திறந்துவிட்டார்கள், இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலையில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர் வரும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். கையில் ஒரு மணி நேரம் இருந்தது. உன் மாமா நேராக ஷெட்டுக்கு ஓடி, என்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கை உத்தரத்தில் மாட்டி உன் மெஷினைத் தூக்கிக் கட்டினார். "வூட்டுல அரிசி மூட்டை இருக்குதுங்க" என்றேன். "அரிசி வாங்கிக்கலாம்டி, மச்சான் வாழ்க்கையே இதுலதான் இருக்குது" என்றார். அதைக் கட்டி முடிப்பதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அரிசி போச்சு. மெத்தை, பீரோவில் அடித்தட்டிலிருந்த துணியெல்லாம் சேறு. மேஜைமேல் இருந்த அப்பா அம்மா போட்டோ மிதந்து போய்விட்டது, கண்ணாடி மட்டும் வாசலில் கிடைத்தது. கிருமாம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் நாலு நாள் இருந்தோம். அங்கே இருந்தவர்கள் வீட்டுக்கு வீடு எதை எடுத்துக்கொண்டு வந்தோம் என்று பேசிக்கொண்டார்கள். உன் மாமா சொன்னதைக் கேட்டு எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உத்தரத்தில் தொங்கியபடி அது இரண்டு வாரம் இருந்தது. நேற்று இறக்கிவிட்டோம். லாரி வரட்டும்.

செல்வி

*

கொச்சி
12.1.2025

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

மெஷின் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இளவரசி மேடம் ஸ்விட்சைப் போட்டார். பணம் கொடுத்து நடத்துகிற பெரியவர்கள் மூன்று பேர், பேப்பர்காரர்கள் இரண்டு பேர், எல்லோர் கையிலும் அந்தப் புத்தகம். கை மேலே போனது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நேராகப் போய் டிராயருக்குள் ஸ்பூனைக் கவிழ்த்தது. டிராயர் மூடிக்கொண்டது! மறுபடி போனது, மறுபடி கவிழ்த்தது. இருபத்திரண்டு தடவை முடிவதற்குள் கிண்ணம் சுத்தமாகக் காலி. வந்தவர்கள் கைதட்டினார்கள் அக்கா. அவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி "சோ ஸ்வீட்" என்று தாளில் எழுதிக் கொடுத்தார். என் மூன்று வருட உழைப்பை ஒருவன் குழந்தைப் பொம்மையாகப் பார்த்து ரசித்துவிட்டுப் போனான்.

அவர்கள் போனபிறகு மேடம் புத்தகத்தில் அந்த வரியின் கீழே கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "ஒருநாளும் வாய் சேராத."

கியர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். புது கியர். மாமாவின் கைவேலை எனக்குத் தெரியாதா? முதல் கடிதத்திலேயே எழுதினேனே, மாமா கை வைக்கக் கூடாது என்று. கரும்பு டிராக்டருக்கும் சிற்பத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் அவர். நீயாவது தடுத்திருக்க வேண்டாமா? நான் எப்படி அதைச் செய்தேன் என்று உனக்குமா தெரியாது? கூட இருந்தே என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள்.

அரிகரன்

*

சோரியாங்குப்பம்
20.1.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மாமா என்னிடம் பிடுங்கிப் படித்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பாகூர் லேத்துல நானே நின்னு பல்லு வெட்டுனேன், ஒரு நூல் பிசகல. வாய்க்கு டாண்ணு போவுதே, அப்புறம் இன்னாத்துக்குக் கோவம்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரைத் திட்டாதே. திட்டுகிறதென்றால் என்னைத் திட்டு. நடந்ததை எழுதுகிறேன்.

பூஜைக்கு நாலு நாள் முன்னால் அவர் பெட்டியைத் திறந்தார். "மூணு பல்லு தேஞ்சிருக்குதுடி, அதான் நழுவுது. பாவம், அவனுக்குத் தெரியல" என்றார். அது தேய்ந்ததில்லை, நீ அரத்தால் ராவியது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கருமாதி முடிந்த மூன்றாம் நாள், பந்தல் பிரிப்பதற்குள், நீ ஷெட்டில் உட்கார்ந்து ராவிக்கொண்டிருந்தாய். வாசலில் நின்று பார்த்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. "மாத்திடுங்க" என்றேன். நான் சொல்லித்தான் மாற்றினார்.

பதினான்கு மாதம் ஊட்டினேன் என்று அந்தம்மாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். அரி, கை நடுக்கத்தால் அப்பா தானாகச் சாப்பிட முடியாமல் இருந்த அந்தப் பதினான்கு மாதத்தில் உன்னிடம் நான் அவரை விட்டுப்போனது ஒரே ஒரு நாள். கடலூரில் கல்யாணம். ரசஞ்சோறு குழையப் பிசைந்து கிண்ணத்தில் வைத்து, நீ பார்க்கும்படி சிலேட்டில் எழுதினேன்: "பன்னிரண்டு மணிக்கு ஊட்டு." நீ தலையாட்டினாய்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் வந்தோம். உன் மாமா வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார், நான் முதலில் உள்ளே வந்தேன். அப்பாவின் மடியெல்லாம் சோறு. வேட்டியில், நாற்காலியில், தரையில். எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு பருக்கைகூட இல்லை. அவர் கன்னம் ஈரமாக இருந்தது. எதிரில் கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நீ உட்கார்ந்திருந்தாய். கையில் நோட்டு, ஸ்கேல். என்னைப் பார்த்ததும் எழுந்து என்ன சொன்னாய் தெரியுமா? "அக்கா, இருபத்திரண்டு தடவ! ஒவ்வொரு தடவையும் கரெக்டா நாலு விரக்கடைல நிக்குது!" உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

காது கேட்காதவன், அவர் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உனக்குக் கண் நன்றாகத் தெரியும். உன் மாமா உள்ளே வருவதற்குள் வேட்டியை மாற்றிவிட்டு, அப்பா இன்று சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தார் என்றேன். இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் அரிசியை விட்டுவிட்டு உன் மெஷினைத் தூக்கிக் கட்டியபோதுகூட நான் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் இருபத்திரண்டு தடவை அதை நான் பார்க்க வேண்டும் என்று எழுதினாய். பார்த்தேன். பதிமூன்று வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஒரு தடவையாவது அவர் வாய்க்குப் போகட்டும் என்றுதான் கியரை மாற்றச் சொன்னேன்.

செல்வி

*

கொச்சி
16.2.2025

அக்கா,

பழைய கியர் ஷெட்டில்தான் கிடக்கும். தேடி எடுத்துக் கூரியரில் அனுப்பு. இங்கே புதிதாக ஒன்றை ராவிப் பார்த்தேன், அந்த நடுக்கம் வரவில்லை. மார்ச் முதல் தேதிக்குள் மாட்ட வேண்டும்.

நலம்.

அரிகரன்

*

சோரியாங்குப்பம்
20.2.2025

தம்பிக்கு,

நாங்கள் நலம். முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாலு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, வேலையெல்லாம் முடித்துக் கை கழுவி உட்கார்ந்துதான் பிரித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருப்பாயோ என்று. இல்லை.

கியர் கிடைத்தது. வெள்ளத்தில் சேறு பிடித்திருந்தது, உன் மாமா மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிக் கொடுத்தார். "தேஞ்சுபோனத எதுக்குடி கேக்குறான்?" என்றார். அவனுக்கு அதுதான் பழக்கம் என்றேன். பொட்டலம் கட்டிப் பாகூர் கூரியரில் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை உன் கைக்கு வரும். மாட்டிக்கொள். உன் மெஷின் நீ செய்த மாதிரியே ஓடட்டும், இனி நான் கை வைக்க மாட்டேன். ஊட்டிய மகன் என்கிற வரியையும் எடுக்கச் சொல்லப் போவதில்லை. உன் மாமா கேட்டால் ஆமாம் என்றே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ செய்ததில் ஒரு பாகம் விட்டுப்போயிருக்கிறது. கண்காட்சி அன்று அதற்கு எதிரில், நாலடி தள்ளி, ஒரு கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போடு. நோட்டும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அதன்மேல் நீ போய் உட்கார். இருபத்திரண்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

செல்வி